கற்பனைஸ்வரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

கச்சேரியில் கற்பனைஸ்வரம் (பாட்டின் ஒரு வரிக்கு அங்கேயே கற்பனையாகப் பாடும் ஸ்வரம்) பாடி முடிக்கும்போது கைதட்டல் வரவேண்டிய இடத்தில் எனக்கு வெகுநாள் அசடு வழிவதுதான் வந்தது. சரிசெய்த விதத்தை எழுதி வைக்கிறேன். ஆதி தாளம் (எட்டு தட்டு), ஒரு களை (ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை மட்டும் போடுவது), தட்டுக்கு 4 மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 32. ராகம் மோகனம். பாட்டு சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) காந்தாரத்தில் எடுப்பதாக, அதாவது தொடங்குவதாக, வைத்துக்கொள்ளுங்கள்.

1. சர்வலகுவில், அதாவது கணக்கு எதுவும் போடாமல், ஆரம்பியுங்கள். நடையோடு ஒட்டி, மத்திய ஸ்தாயியில் நாலைந்து ஆவர்த்தனம் போதும். தார ஷட்ஜத்தை (மேல் ஸ) இங்கேயே தொட்டுவிடாதீர்கள்.

2. குறைப்பு. என்னைக் கவிழ்த்தது இதுதான். ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு (நான் பஞ்சமம் வைப்பேன்) பாடகரும் வயலினும் மாறி மாறி வாசிப்பது. முதலில் ஆளுக்கு ஓர் ஆவர்த்தனம். அப்புறம் அரை: லகு (முதல் நாலு தட்டு) உங்களுக்கு, இரண்டு திருதமும் (அடுத்த இரண்டிரண்டு தட்டு) வயலினுக்கு. அப்புறம் கால்: தட்டும் சுண்டுவிரலும் உங்களுக்கு, மோதிரவிரலும் நடுவிரலும் வயலினுக்கு, முதல் திருதம் உங்களுக்கு, அடுத்தது வயலினுக்கு. கடைசியில் ஆளுக்கு ஒரே தட்டு.

கேட்பவருக்கு வேகம் ஏறுவதுபோல் இருக்கும். உண்மையில் காலப்பிரமாணம் (தாளத்தின் வேகம்) அப்படியேதான் இருக்கிறது, முறைதான் சுருங்குகிறது. இது புரியாமல் நானும் சேர்ந்து ஓடினேன். கால் ஆவர்த்தனத்துக்கு வரும்போது மிருதங்கக்காரர் என்னை முறைத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கோர்வையில் (முடிவாகப் பாடும் கணக்கு ஸ்வரத்தில்) வாய் குழறி, பாதியில் நிறுத்தினேன்.

தனியாகப் பழக ஒரு வழி: உங்கள் முறையைப் பாடுங்கள், வயலின் முறைக்கு வாயை மூடித் தாளம் மட்டும் போடுங்கள். அந்த மௌனத்தில்தான் கை ஓடும், கவனியுங்கள். மெட்ரோனோம் செயலியை நான் சிபாரிசு செய்யமாட்டேன், மேடையில் அது இருக்காது. கைத்தாளம் போட்டு போனில் பதிவு செய்யுங்கள். முதல் ஆவர்த்தனத்தையும் கடைசி ஆவர்த்தனத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் குட்டு உடைந்துவிடும்.

3. கோர்வை. ஒரே ஆவர்த்தனத்தில் முடியும் சின்னக் கோர்வை:

ஸரிகப
ஸரிகபத
ஸரிகபதஸ
பதபகரி , பதபகரி , பதபகரி

4, 5, 6 சேர்ந்து 15. ஐந்து மூன்று முறை 15, நடுவில் காற்புள்ளி இட்ட கார்வை (ஒரு மாத்திரை நீட்டல்) இரண்டு. மொத்தம் 32. மூன்றாவது வரியின் கடைசி ஸ தார ஷட்ஜம். இதற்காகத்தான் முன்பே தொடவேண்டாம் என்றேன். கடைசி ரிஷபம் நேராகக் காந்தார எடுப்பில் போய் விழும். கார்வையை விழுங்காதீர்கள். பதற்றத்தில் முதலில் காணாமல் போவது அதுதான்.

பின்சேர்க்கை: எடுப்பு சமத்தில் இல்லாவிட்டால்? சிலருக்குக் கோர்வை 2 மாத்திரை முன்னாலேயே முடிந்துவிட்டதாம். பாட்டு அரை இடம் (2 மாத்திரை) தள்ளி எடுத்தால் கோர்வையையும் அதே அரை இடம் தள்ளித் தொடங்குங்கள், கணக்கு மாறாது.

இன்னொன்று: ரூபக தாளத்துக்கும் கோர்வை கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கார்வையையும் ஒரு மாத்திரையிலிருந்து மூன்றாக்குங்கள். மொத்தம் 36, அதாவது 12 மாத்திரை வீதம் சரியாக 3 ஆவர்த்தனம். மிச்ர சாப்பு தாளத்துக்கு நானே இன்னும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.