யூதக் கல்லறைக் கல்லில் ஆண்டைப் படிக்க

போலந்தின் பழைய யூதக் கல்லறைக் கற்களில் குடும்பப் பெயர் பல சமயம் இருக்காது. ஆனால் 'பென்' (மகன்) அல்லது 'பத்' (மகள்) என்ற சொல்லுக்குப் பின் தகப்பன் பெயர் இருக்கும். ஒரே கல்லில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடும். ஆசீர்வதிக்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் கோஹன் (ஆசாரியர்) வழி; தண்ணீர்க் குடம் என்றால் லேவியர் (கோவில் பணி செய்த குலம்).

ஆண்டு எபிரேய எழுத்துகளில் இருக்கும்; ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு, கூட்டிப் பாருங்கள். தாவ் 400, ரேஷ் 200, பே 80, சயின் 7, மொத்தம் 687. முழு எபிரேய ஆண்டு 5687; முன்னால் வரும் ஐயாயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 687-உடன் 1240 சேர்த்தால் ஆங்கில ஆண்டு 1927. எல்லாரும் சறுக்குவது இங்கேதான்: எபிரேயப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் மாதங்களுக்கு 1239 தான் சேர்க்க வேண்டும். அடுத்து வரும் தேவேத் மாதம் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைக்கும். அதற்கு நாள்காட்டி மாற்றும் கருவியே கதி.

நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவதால், இரவில் இறந்தவருக்கு அரசுப் பதிவைவிட ஒரு நாள் கூடுதலாகத் தெரியலாம். அது பிழையல்ல.

தேதி கைக்கு வந்ததும் போலந்து யூதர்களின் பதிவுகளைத் தேட உதவும் ஜேஆர்ஐ-போலந்து (JRI-Poland) இணையதளத்தில் ஊர்ப் பெயரோடு தேடுங்கள். ரஷ்ய ஆட்சியிலிருந்த போலந்தில் 1826 முதல் யூதர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அதற்கு முந்தையவை கத்தோலிக்கப் பதிவேடுகளுக்குள் கலந்து கிடக்கும். 1868 வரை போலிஷ் மொழி, பிறகு ரஷ்யன். ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியாப் பகுதியில் பெற்றோர் மதச் சடங்குப்படி மட்டும் மணந்திருந்தால் பிள்ளை தாயின் குடும்பப் பெயரில் பதிவாகியிருக்கலாம். தகப்பன் பெயரில் கிடைக்காவிட்டால் அதிலும் தேடுங்கள்.