பாட்டியிடம் முதலில் கேளுங்கள்: முதியோர் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து ஊர்களில், பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு முதியவர்கள் தனித்திருப்பது வழக்கமாகிவிட்டது. அத்தகைய வீட்டுக்குச் செல்லும் சமூகப் பணியாளர் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டியை விட்டுவிட்டு, ஊருக்கு வந்திருக்கும் மகனிடமே எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்வதாகும். மகன் பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆயினும் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார், இரவில் எத்தனை முறை எழுகிறார், யாரைக் கண்டு அஞ்சுகிறார் என்பவை பாட்டிக்கு மட்டுமே தெரியும். பத்து நிமிடமாவது அவருடன் தனியே பேச வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கோ கன்னடமோ வீட்டுமொழியாக உள்ள முதியவர்கள் பலர். அங்கே பேரனை மொழிபெயர்க்க வைப்பதும் இதே தவறுதான். மருமகள் சோறு போடவில்லை என்பதை அவள் பிள்ளையின் வாய்வழியே எந்தப் பாட்டி சொல்வார்?

அடுத்தது, எல்லா வலிக்கும் வயதைக் காரணம் காட்டுவது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில், எலும்பையும் மூட்டையும் இறுகச் செய்யும் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதனால்தான் வந்தது. பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தவருக்கு முதுகும் மூட்டும் இறுகியிருந்தால், அவர் இன்று எந்த நீரைக் குடிக்கிறார் என்று கேட்டறிந்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் சூளகிரி அருகே சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவமும் (பிசியோதெரபி), தீராத நோயின் வலியைக் குறைக்கும் நோய்த் தணிப்புச் சேவையும் வீடு தேடி வருகின்றன. மாத்திரையை மட்டும் கேட்டுப் பெற்று, மற்ற இரண்டையும் கேட்காமல் விடுவது பெரிய இழப்பு.

சொத்து விஷயத்தில் நேரும் தவறைத் திருத்துவது கடினம் என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு முதியவர் எழுதிக்கொடுத்த சொத்தைப் பெற்றவர் அதன்பின் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, ‘எழுதிக் கொடுங்கள், பிறகு ரத்து செய்துகொள்ளலாம்’ என்று தைரியம் சொல்லும் பணியாளர்களும் இருக்கிறார்கள். பராமரிப்பு நிபந்தனை இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் வழக்கு தடுமாறும். ஆகவே செட்டில்மென்ட், அதாவது உயிரோடிருக்கும்போதே சொத்தை மாற்றிக்கொடுக்கும் பத்திரம், எழுதத் தீர்மானித்துவிட்ட தாத்தாவிடம், கைநாட்டு வைப்பதற்கு முன்பே, அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். உயில் என்றால் உயிருள்ளவரை மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் விளக்க வேண்டும்.

முதியோர் உதவித்தொகைக்கு ஈ-சேவை மையத்தில் மனுவைப் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறே. ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் பெயரோ வயதோ வேறுபடுகிறதா என்று முன்னரே பார்த்து, மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டுத் திரும்பவும் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக, நல்லெண்ணத்தால் நேரும் ஒரு தவறு. கைவிடப்பட்ட தாயைக் கண்டதும் கொதித்துப்போய், அவரைக் கேட்காமலேயே மகனிடமிருந்து பராமரிப்புத்தொகை கேட்டு, மேலே சொன்ன சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயத்துக்கு மனு எழுதிவிடுகிறோம். தாமே மனுச் செய்ய இயலாதவருக்காகப் பிறர் செய்வதற்கும் அவருடைய ஒப்புதல் வேண்டும். மகன் கையில் நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்க்க வேண்டிய மனு என்றாலும், அந்த நாட்களில் அவர் உறங்கப் போவது அதே மகனின் வீட்டில்தான். என்னென்ன வழிகள் உண்டு, ஒவ்வொன்றாலும் என்ன நேரலாம் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள். ‘இப்போதைக்கு வேண்டாம் சாமி’ என்றால் அதையே பதிவேட்டில் எழுதி, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567-ஐ அவர் நம்பும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, சொன்ன நாளில் மறுபடியும் போய்ப் பாருங்கள்.