முழங்கை வலி: பலரும் செய்யும் தவறுகள்

பாட்டில் மூடியைத் திருகும்போதும் துணி பிழியும்போதும் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் சுரீர் என்று வலிக்கிறதா? இதற்கு ‘டென்னிஸ் எல்போ’ என்று பெயர். ஆனால் இந்த வலி வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், கத்தி, மவுஸ் என்று நாள் முழுக்க எதையாவது இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு வருவது இது. வலிப்பது முழங்கையில்தான், ஆனால் உழைத்துக் களைத்தது மணிக்கட்டை மேலே தூக்கும் தசை. அது எலும்போடு சேரும் இடத்தில் உள்ள தசைநாண், ஆற நேரமில்லாமல் நைந்துபோகிறது.

இதை வெறும் வீக்கம் என்று நினைத்து மாத்திரை, தைலத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. அவை வலியை அடக்கும், தசைநாணைத் தேற்றாது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் முதல் சில வாரங்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் 2013-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், அந்த ஊசி போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். அதனால் ஊசிக்கு அவசரப்படாதீர்கள்.

வலிக்கிறதே என்று கையை வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருப்பதும் தப்பு. தசைநாண் தேற அளவான சுமை வேண்டும். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். அரைக் கிலோ எடையைப் பிடித்துக்கொண்டு, முன்கை மேசையிலேயே இருக்க, மறு கையால் அந்த மணிக்கட்டை மட்டும் மேலே உயர்த்துங்கள். பிறகு மறு கையை விட்டுவிட்டு, நான்கு எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். ஒரு தடவைக்குப் பத்து, பதினைந்து முறை போதும். செய்யும்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். சரியாகப் பல மாதங்கள் ஆகலாம். இரண்டே வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

முழங்கை வலிக்குக் கட்டும் பட்டையை, வலிக்கும் எலும்பின் மேலேயே கட்டாதீர்கள். அதற்கு இரண்டு விரல் கீழே, சதைப்பற்றான இடத்தில் கட்ட வேண்டும். பொருளைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும்.

அப்புறம், எல்லா முழங்கை வலியும் இதுதான் என்று நினைக்க வேண்டாம். விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.