கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் எக்ஸ்ரே அறையில் எனக்கு 19 வருடம் ஆகிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், நான் அன்று செய்ததையே இன்று செய்கிறார்கள். பெயர் சரிபார்ப்பது, கதவை மூடுவது எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மாமியார் முன்னால் கேட்பது

கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, "நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று கேளுங்கள். மலையாளம் பேசுபவரிடம் மலையாளத்திலேயே.

கர்ப்பிணி என்றதும் திருப்பி அனுப்புவது

இதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பெண் வந்தாள். ஏழாம் மாதம், மூன்று வார இருமல், சாயங்காலக் காய்ச்சல். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதியிருந்தார். நான்தான், "பிள்ளை பிறக்கட்டும் மக்களே, அப்புறம் எடுக்கலாம்" என்று பெரிய கரிசனமாக அனுப்பிவிட்டேன். ஆறு வாரம் கழித்து மூச்சுமுட்டி, ஸ்டிரெச்சரில் வந்தாள். வலது நுரையீரலில் குழி விழுந்திருந்தது. காசநோய். கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடிய மருந்து இருக்கிறது. ஆறு வாரம் முன்பே தொடங்கியிருக்கலாம். குழந்தை எடை குறைவாகப் பிறந்தது.

நான் பயந்தது எதற்கு? நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது அதிகபட்சம் 0.01 மில்லிகிரே (உடல் வாங்கும் கதிரின் அளவு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒன்பது மாதத்தில் இயல்பாகவே 0.5 முதல் 1 மில்லிகிரே வரை சேரும். இயற்கையாகவே கதிர் வீசும் மோனசைட் மணல் கிடக்கும் நம் மணவாளக்குறிச்சிக் கரையில் இன்னும் கூடுதல். குழந்தைக்குக் குறைபாடு வரும் என்று கவலைப்பட 50 மில்லிகிரேக்கு மேல் போக வேண்டும். அந்த அளவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே என்றால் 5,000 தடவை எடுக்க வேண்டும்! சீட்டில் சந்தேகமா, டாக்டரிடம் போனில் கேளுங்கள். நீங்களே முடிவெடுக்காதீர்கள்.

ஈய ஏப்ரனை நம்பி மற்றதை மறப்பது

கருவைத் தொடும் கொஞ்சநஞ்சக் கதிரும் பெரும்பாலும் தாயின் உடலுக்குள்ளேயே சிதறி வருவது. வெளியே போர்த்திய ஈயம் அதைத் தடுக்காது. 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே வழக்கமாகப் போர்த்துவதை நிறுத்தலாம் என்றது. ஏப்ரன் மேலே நகர்ந்து படத்தை மறைத்தால் இன்னொரு படம் எடுக்க நேரும். கதிர் விழும் பரப்பை நெஞ்சோடு நிறுத்துங்கள். அது போதும்.

எல்லாவற்றையும் 'ஸ்கேன்' என்பது

வயிற்று அல்ட்ராசவுண்டில் கதிரே இல்லை. இடுப்பு சி.டி.யில் 10 முதல் 50 மில்லிகிரே வரை போகலாம். சீட்டை வாசியுங்கள்.

கர்ப்பம் என்று தெரியாமல் எடுத்தபின் "கலைச்சிடுங்க" என்பது

சொல்லவே சொல்லாதீர்கள். 100 மில்லிகிரேக்குக் கீழே கதிரைக் காரணம் காட்டிக் கலைக்கத் தேவையில்லை என்பதுதான் சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. எந்தப் பகுதி, எத்தனை படம், என்ன கே.வி. (குழாய் மின்னழுத்தம்), என்ன எம்.ஏ.எஸ். (மின்னோட்டமும் நேரமும் பெருக்கிய அளவு) என்று எழுதி, அன்றைக்கே டாக்டர் கையில் கொடுங்கள்.