மதுரையின் மாலைத் தெருக்களில் வழிகாட்டியுடன் உண்டு நடக்க

மதுரையின் தெருவோர உணவை அறிய விரும்புவோர், மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் நடையையே தேர்ந்தெடுக்க வேண்டும். பருத்திப்பால் வண்டிகளும் முள்ளுமுருங்கை வடைக் கடைகளும் களைகட்டும் பொழுது அதுதான். பணம் செலுத்துமுன் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஆறு பேருக்கு மேற்பட்டால் ஒரு தள்ளுவண்டியைச் சூழ்ந்து நின்று, பண்டம் உருவாவதைப் பார்க்கவும் கடைக்காரரிடம் பேசவும் இயலாது. என்னைப் பொறுத்தவரை இந்த நடையின் பயனே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. சைவ உணவினர் என்றால் அதையும், ஒவ்வாத உணவு உண்டென்றால் அதையும் அப்போதே தெரிவித்துவிட வேண்டும்.

எதை முதலில் உண்பது என்பதில் வழிகாட்டியின் சொல்லைக் கேளுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பால் கெட்டியானது, வயிற்றை எளிதில் நிறைத்துவிடும். ஆகவே ஒரு குவளையை இருவர் பகிர்ந்துகொள்வது நல்லது. முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரிக்கும் வடையை, எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே பொடி தூவி உண்ண வேண்டும். ஆறினால் அதன் சுவை பாதியாகிவிடும்.

இரவு எட்டு மணியளவில் சிம்மக்கல் பகுதிக்கு வந்து சேர்வதாக நடையை அமைத்துக்கொண்டால், கறிதோசைக்கு உரிய பசி இருக்கும். தடித்த தோசையின்மேல் முட்டையைப் பரப்பி, அதன்மேல் மசாலாவில் வெந்த ஆட்டுக்கறியை இட்டுத் திருப்பிப்போடும் இந்தத் தோசை, ஒன்றே இருவருக்குப் போதும். கல்லில் கண்ணெதிரே வேகும் உணவை நம்பி உண்ணலாம். நெடுநேரம் திறந்து கிடக்கும் சட்னியையும் நறுக்கிவைத்த பழத்தையும் தவிர்த்துவிடுங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். படமெடுக்குமுன் கடைக்காரரின் சம்மதத்தைப் பெறுவது கட்டாயம்.

அங்கிருந்து கீழமாசி வீதி வழியாகத் தெற்கே நடந்தால் விளக்குத்தூண் வந்துவிடும். சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிகளில் சுவாமி புறப்பாடு நடப்பதால், அந்நாட்களில் வழியை மாற்றுவது குறித்து முன்னதாகவே கேட்டறிவது நலம். விளக்குத்தூணில் ஜிகர்தண்டாவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்: சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் ஆகியவை சேர்ந்த அதை முதலில் குடித்தால் மற்ற எதற்கும் பசி எழாது. இனிப்பு குறைவாக வேண்டுவோர், சர்பத் ஊற்றுமுன்பே சொல்லிவிட வேண்டும்.