ஐம்பதுகளில் தொடங்கி இன்றுவரை ஒரு ராக் மிக்ஸ்டேப்: சறுக்கும் இடங்கள்

பல பத்தாண்டுகளைத் தொட்டு ராக் மிக்ஸ்டேப் (கேசட்டிலோ ஆப்பிலோ நாமே பொறுக்கிக் கோத்த பாட்டுத் தொகுப்பு) செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஒரு தப்பு செய்துவிடுகிறார்கள்: ஆண்டு வரிசையில் அடுக்குகிறார்கள். 1958-இல் சக் பெரியின் 'ஜானி பி. குட்', அப்புறம் பீட்டில்ஸ், அப்புறம் லெட் ஸெப்லின், கொஞ்சம் பங்க், நிர்வாணா, கடைசியில் 2000-க்குப் பிறகு வந்த ஏதோ ஒன்று. மூன்றாவது பாட்டிலேயே கேட்கிறவருக்கு அடுத்து என்ன வரும் என்று பிடிபட்டுவிடும். பழையதெல்லாம் ஒரு பக்கம், புதியதெல்லாம் மறுபக்கம் என்று ஒதுங்கியும் விடும். வெவ்வேறு காலத்துப் பாட்டுகள் ஒன்றோடொன்று உரசுவதில்தான் இந்த வேலையின் சுவையே இருக்கிறது. வருஷ வரிசை முதலில் அதைத்தான் சாகடிக்கிறது.

ஆண்டை விட்டுவிட்டு ஒலியைப் பிடியுங்கள். லிங்க் ரேயின் 'ரம்பிள்' 1958-இல் வந்தது. அதில் ஒரு வரி பாட்டுக்கூடக் கிடையாது. ஆனாலும் இளைஞர்களை அடிதடிக்குத் தூண்டும் என்று அமெரிக்காவில் சில வானொலி நிலையங்கள் அதைப் போட மறுத்தன. அதன் கிடார் கரகரப்புக்காக லிங்க் ரே ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரில் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்துவிட்டு 'யூ ரியலி காட் மீ' வாசித்தார். இந்த இரண்டுக்கும் பின்னால் ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் 'எலிஃபன்ட்' ஆல்பத்திலிருந்து ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 2003-இல் வந்த ஆல்பம், ஆனால் கணினியைத் தொடாமல் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் பழைய கருவிகளை வைத்தே பதிவு செய்தது. நாற்பது வருஷத்து இடைவெளி காதில் உறுத்தாது.

தாளத்தை வைத்தும் கோக்கலாம். போ டிட்லி 1955-இல் தன் பெயரையே தலைப்பாக வைத்துப் பாடிய பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு தட்டு; மேசையில் விரலால் தட்டினாலே வந்துவிடும். அதே தாளம்தான் 1957-இல் பட்டி ஹாலியின் 'நாட் ஃபேட் அவே', 1969-இல் ஸ்டூஜஸின் '1969', 1988-இல் யூ2-வின் 'டிஸைர்'. ஆனால் நான்கையும் அடுத்தடுத்து வைத்துவிடாதீர்கள். அது வகுப்பெடுப்பது போல ஆகிவிடும். ஈழத்தமிழ்க் குடும்பத்திலிருந்து லண்டனில் வந்த பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பேப்பர் பிளேன்ஸ்' (2007), க்ளாஷ் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' (1982) பாட்டின் துண்டு ஒன்றின்மேல் கட்டியது. இரண்டையும் சேர்ப்பதென்றால் நடுவில் ஐந்தாறு பாட்டு விடுங்கள். 'இதை இப்போதுதானே கேட்டோம்' என்று அவர்களாகவே திரும்பிப் பார்க்கட்டும்.

அடுத்தது 'மாபெரும்' பாட்டுகள். 'ஹோட்டல் கலிஃபோர்னியா', 'ஸ்டெயர்வே டு ஹெவன்', 'போஹீமியன் ராப்ஸடி'. ஒன்றும் மோசமில்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால் யாரும் அவற்றைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. குயீன் வேண்டும் என்றால் 'போஹீமியன் ராப்ஸடி' இருக்கும் அதே 1975 ஆல்பத்தில் அந்தக் குழுவின் கிடார்காரர் பிரையன் மே எழுதிப் பாடிய ''39' என்ற பாட்டு இருக்கிறதே! ஈகிள்ஸ் வேண்டுமா, அதே வருஷம் வந்த 'ஜர்னி ஆஃப் த சோர்சரர்' எடுங்கள், பாஞ்சோவும் வயலினும் சேர்ந்த ஒரு விசித்திரம். அதற்காக எவருமே கேள்விப்படாத பாட்டாகப் பார்த்துக் குவிப்பதும் சரியில்லை. அது வெறும் பீற்றல். கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு தெரிந்த பாட்டு இருந்தால்தான் கேட்கிறவருக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். அமெரிக்கா, இங்கிலாந்து தவிர வேறு ஊரே இல்லாத பட்டியலும் அலுப்புத்தான். பிரேசிலின் மியூட்டான்டஸ், ஜெர்மனியின் கான் குழுக்கள், 1970-71-இல் நம் நாட்டிலேயே வந்த சிம்லா பீட் என்ற ராக் குழுப் போட்டியின் இசைத்தட்டுகள் எல்லாம் தேடினால் கிடைக்கின்றன.

பலர் கோட்டை விடுவது ஒலி அளவில். 1990-களிலிருந்து ஆல்பங்களைப் போட்டி போட்டுக்கொண்டு சத்தமாக மாஸ்டர் செய்தார்கள் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்வது). ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்' (1999), மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' (2008) இரண்டும் இதற்காகவே திட்டு வாங்கியவை. கிங்க்ஸுக்குப் பின் மெட்டாலிகா வந்தால் கேட்கிறவர் பதறிப்போய் வால்யூமைத் தேடுவார். பழைய பாட்டை ஏற்றாதீர்கள், உச்சத்தில் உடையும், புதியதை இறக்குங்கள். வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்துக் கேளுங்கள். இரண்டு பாட்டிலும் குரல் ஒரே அளவில் காதில் விழுந்தால் போதும், மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் ஸ்டீரியோ தனித் தொல்லை. பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' (1965) ஸ்டீரியோவில் பல பாட்டுகளில் குரல் ஒரு பக்கம், வாத்தியங்கள் மறுபக்கம். பஸ்ஸில் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு இயர்போன் மாட்டிக்கொண்டால் ஒருவருக்குப் பாட்டு, இன்னொருவருக்கு கரோக்கி! எல்லா ஒலியும் இரு காதிலும் ஒன்றாக வரும் மோனோ பதிப்பு கிடைத்தால் அதைப் போடுங்கள்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் இழுத்துப் போடுவதும் உண்டு. ஆப்பில் தெரியும் ஆண்டு பல நேரம் பழைய பதிவை ரீமாஸ்டர் செய்த, அதாவது ஒலியைத் திரும்ப மெருகேற்றிய ஆண்டு. சில பாட்டு மறுபதிவாகவே இருக்கும்: டெஃப் லெப்பர்ட் குழுவினர், இசைத்தட்டுக் கம்பெனியோடு ஏற்பட்ட தகராறில், 1987-இன் 'போர் சம் ஷுகர் ஆன் மீ'யை 2012-இல் திரும்பப் பாடிப் பதிவு செய்தார்கள். பிங்க் ஃப்ளாய்டின் 'பிரெய்ன் டேமேஜ்' அப்படியே 'எக்ளிப்ஸ்' பாட்டுக்குள் ஓடுகிறது. முதலாவதை மட்டும் எடுத்தால் கழுத்தை வெட்டியது போல நிற்கும். இரண்டையும் எடுங்கள், அல்லது இரண்டையும் விடுங்கள்.

ஒரு பாட்டு தேய்ந்து முடியும்போதே அடுத்ததை அதன்மேல் ஏற்றும் கிராஸ்ஃபேடை ஆப்பில் அணைத்துவிடுங்கள். பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' கடைசிப் பியானோ ஒலி சுமார் 40 விநாடி தேய்ந்து அடங்குகிறது. அந்த அடங்கலுக்குள் அடுத்த பாட்டின் டிரம்ஸ் நுழைந்தால் கேட்கச் சகிக்காது. அவர்களுடைய 'ஐ ஃபீல் ஃபைன்' தொடங்குவதே ஒரு ஃபீட்பேக் (கிடார் ஒலி ஆம்போடு சுழன்று எழும்) ரீங்காரத்தில். அதையும் கிராஸ்ஃபேட் விழுங்கிவிடும்.

நிஜ கேசட்டிலேயே செய்கிறவர்களுக்கு: சி-90 எடுத்தால் பக்கத்துக்கு 45 நிமிடம். சி-120 வேண்டாம், நாடா மெல்லியது, இழுபடும், சிக்கிக்கொள்ளும். தொடக்கத்தில் சில விநாடிக்கு வரும் வெற்று நாடாவில் எதுவும் பதியாது. பென்சிலை விட்டுச் சுற்றி, பழுப்பு நாடா தெரிந்த பிறகே பதிவை ஆரம்பியுங்கள். டெலிவிஷன் குழுவின் 'மார்க்கீ மூன்' (1977) போன்ற பத்து நிமிடப் பாட்டுக்கு முதலிலேயே கணக்குப் போட்டு இடம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் கிடார் உச்சத்தில் இருக்கும்போது பட்டென்று நாடா தீரும். எல்லாம் முடிந்ததும் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள், வீட்டில் யாரும் மேலேயே பக்திப் பாட்டைப் பதிந்துவிட முடியாது. பின்னால் மனம் மாறினால் அந்த ஓட்டையின்மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம்.