மட்டைக் குவியலில் கை வைக்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. யானை, புலியை விடுங்கள், நம் வாசல்வரை வருவது நாகப்பாம்புதான். செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் இது வரும். வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். முதலில் நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள்.

இங்குள்ள கறுப்பு நாகம் கடிக்காமலேயே கண்ணைப் பார்த்து விஷத்தைப் பீச்சும். பட்டுவிட்டால் கசக்கக் கூடாது. குழாயைத் திறந்து 15, 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள், அப்புறம் நேராக மருத்துவமனை. (தாய்ப்பால் ஊற்றச் சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம், தண்ணீர்தான்.)

கடித்திருந்தால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து அவசர எண் 999-க்கு அழையுங்கள். பாம்பு வீட்டுக்குள் புகுந்தாலும் அதே எண்தான், பொம்பாக்காரர்கள் (தீயணைப்பு, மீட்புப் படையினர்) வந்து பிடித்துப் போவார்கள்.